நோன்புப் பகலில் வந்த சோற்று லொறி

அண்ணே,

நேற்றுக் கண்டியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தார். வாழையிலையும் கத்தரிக்காய்க் கறியும் சேர்ந்த மணம். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்கு உங்களைப் பற்றி நான் எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

பல வருடங்களுக்கு முன், வெள்ளம் வடிந்த மறுநாள் அது. அக்குறணைக் கடைவீதி முழுக்கச் சேறு. என் துணிக்கடை போயிற்று, பிள்ளைகளின் கொப்பி புத்தகமெல்லாம் கூழாயிற்று. பள்ளிவாசல் முற்றத்தில் நாங்கள் திகைத்து நின்றபோது உங்கள் லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. கண்டியில் உங்கள் கோயில் சபை வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்த புத்தகங்கள் பெட்டி பெட்டியாக. அதேபோல் சேர்த்த அரிசியையும் மரக்கறியையும் கோயிலிலேயே சமைத்து, சுடச்சுடப் பார்சல் கட்டிக் கொண்டுவந்திருந்தீர்கள். நேரம் நடுப்பகல்.

"ஓடியாங்க நானா! சூடு ஆறுறதுக்குள்ள எல்லாரும் சாப்பிடுங்க!"

ஒருவரும் அசையவில்லை. நான் உங்களை அண்ணே என்பேன், நீங்கள் என்னை நானா என்பீர்கள்; யார் மூத்தவர் என்று கடைசிவரை நாம் பார்க்கவேயில்லை. அந்த உரிமையில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணே... நோம்பு ஈக்கே."

உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! "அட முருகா!" என்று தலையில் கைவைத்து லொறிப் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். "அவசரத்துல ஒருத்தருக்குமே ஞாபகம் வரலியே. விடியக்காலயில இருந்து பொம்பளைங்க அடுப்படியில வெந்து சமைச்சது நானா. அந்திக்குள்ள ஊசிப் போயிருமே. எந்த மூஞ்சியோட திருப்பிக் கொண்டு போவேன்?"

சிறு பிள்ளைகளும் நோயாளிகளும் எடுத்தும் லொறி குறையவில்லை. அப்போதுதான் மௌலவி வெளியே வந்தார். "மேல தேயிலத் தோட்டத்து லய வீடுகளுக்குப் போற ரோட்ட மண்சரிவு மூடிட்டு. நேத்தெல்லாம் அங்க அடுப்பு எரியலயாம். வாகனம் போகாது, ஆள் போகலாம்" என்றார்.

அவர் முடிக்கவில்லை, எங்கள் ஆட்கள் சாரனை மடித்துக் கட்டிவிட்டார்கள். புத்தகப் பெட்டிகளைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, பார்சல்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு மலையேறினோம். "நோன்போட உங்களத் தூக்க வைக்கிறேனே" என்று நீங்கள் புலம்பிக்கொண்டே பின்னால் வந்தீர்கள்.

"கதைக்காம நடங்க அண்ணே! இந்தக் கத்தரிக்கா மணத்த சுறுக்கா ஒப்படைக்காட்டி எங்கட நோம்பு முறிஞ்சிரும்!"

சிரித்த சிரிப்பில் சேற்றில் வழுக்கியவர்கள்தான் அதிகம்.

லயத்தில் ஓர் அம்மா எங்கள் தொப்பிகளையும் உங்கள் திருநீற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கள்லாம் எங்கயிருந்து வர்றீங்க சாமி?"

"மொதல்ல சாப்பிடுங்க தாயி. அப்புறம் சொல்றேன்" என்றீர்கள். அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டதைப் பார்த்தபோது கடை போன துக்கமே எனக்கு மறந்துபோயிற்று அண்ணே.

இறங்கி வந்தால், நீங்கள் கொண்டுவந்த கதைப் புத்தகங்களுக்கு எங்கள் பிள்ளைகள் அடிபிடி! அன்று மாலை எங்களோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுத்தான் போனீர்கள். அந்த வருடம் தொடங்கிய சேகரிப்பு, கோயிலிலும் பள்ளிவாசலிலும் சேர்ந்தே நடக்கிறது. நீங்களோ அதன்பிறகு எங்கள் நோன்பை மறந்ததேயில்லை. வானொலியில் சொன்ன கையோடு, எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியை முந்திக்கொண்டு உங்கள் போன் வந்துவிடும்: "நானா, பிறை கண்டாச்சாம்!"

இன்று மாலை பிறை கண்டது, நீங்கள் கண்மூடிய பிறகு வரும் முதல் நோன்புப் பிறை. போன் வரவில்லை. பொய் சொல்வானேன், அழுதுவிட்டேன். பிறகு நானே எடுத்து, உங்கள் இடத்தில் இப்போது சபையைப் பார்க்கும் தம்பியிடம் பேசினேன்.

"பிறை கண்டாச்சு தம்பி. நாளக்கிப் பகலைக்கு எங்களுக்குச் சோறு கொண்டு வந்துராதீங்க."

போனை வைக்க மனம் வரவில்லை.

"கொண்டு வந்தாலும் பரவால்ல. தூக்க ஆள் ஈக்கி."