முக்கோணக் குரல்

பெப்ரவரி 6

கடை முதலாளி முஸ்தாக் நானா பழைய கேம் மெஷின் மூன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஃபேமிகாம், மெகா டிரைவ், சூப்பர் ஃபேமிகாம். பண்டாரவளையில் இதையெல்லாம் திருத்துகிற கடை எங்களுடையது மட்டும்தான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. "விதுஷா தங்கச்சி, ஒரே மெட்டு, மூணு மெஷின்ல. எது எப்பிடிப் பாடுதுண்டு வீடியோ போடுவோம். மெட்ட நீயே செய்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சரி என்றுவிட்டேன்.

பெப்ரவரி 9

நாள் முழுக்க ஃபேமிகாமைப் பற்றித்தான் வாசிப்பு. அதற்குள் இருப்பது ஐந்தே குரல். சதுர அலைகள் இரண்டும் பாட்டுப் பாடும். முக்கோண அலை அடியில் நின்று தாங்கும். இரைச்சல் ஒன்று தாளம் போடும். ஐந்தாவது, பதிவு செய்த சின்னச் சத்தத் துண்டு. இவ்வளவை வைத்துக்கொண்டு கடலையும் யுத்தத்தையும் கேட்க வைத்திருக்கிறார்கள், பாவிகள்!

முக்கோண அலைக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியே கிடையாது. ஒலிக்கும், இல்லாவிட்டால் ஒலிக்காது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்துப் போயிற்று.

பெப்ரவரி 15

மெகா டிரைவ் வேறு சாதி. ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையை ஆட்டிச் சத்தம் பிறக்க வைக்கிறது. அடிக்குரல் உறுமுகிறது. சூப்பர் ஃபேமிகாமோ வாத்தியங்களின் பதிவுத் துண்டுகளை எடுத்து எட்டுக் குரலில் பாடுகிறது. அத்தனை துண்டுக்கும் அதில் உள்ள இடம், என் போனில் எடுக்கும் ஒரு படத்துக்குக் கூடப் போதாது. எதிரொலி வேண்டுமென்றால் அதற்கும் அதிலேயே இடம் ஒதுக்க வேண்டும். யாருக்கையா இந்த மூளை!

பெப்ரவரி 21

மெட்டை எழுதி மூன்றிலும் போட்டேன். ஃபேமிகாமில் முக்கோண அலை வரவில்லை. மெட்டு அந்தரத்தில் தொங்குகிறது. சிப் போய்விட்டது என்று நினைத்து, நானா தேடித் தந்த வேறு பலகையை மாற்றினேன். அதிலும் இல்லை. சூப்பர் ஃபேமிகாமிலும் அடிக்குரல் தேய்ந்துபோய்த்தான் வருகிறது. மெகா டிரைவின் கரகரத்த உறுமல் மட்டும் கேட்கிறது.

"நானா, இதுவும் பழுது."

அவர் என் முகத்தையே பார்த்தார். "தங்கச்சி, டும் டும்முண்டு கேக்குதே."

அலைகாட்டியில் போட்டுப் பார்த்தேன். பச்சைக் கோட்டில் முக்கோணம் வரிசையாக, ஒரு குறையும் இல்லாமல் ஏறி இறங்குகிறது. மெஷின் பாடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியென்றால் —

பெப்ரவரி 22

எப்படித் தெரியாமல் போச்சு? அப்பாவுக்குத் தேயிலை பெக்டரியில் ரோலர் பக்கத்தில் வேலை. அங்கே கத்திக் கத்திப் பழகி வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். அவருக்குப் பதில் சொல்ல நாங்களும் கத்துவோம். எங்கள் வீட்டுச் சண்டையும் சமாதானமும் லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும். அந்த வீட்டில் ஒருத்திக்குக் காது மந்தமானால் யாருக்குத் தெரியும்? பெக்டரிக்குச் சோறு கொண்டுபோகும்போது, அந்த இரைச்சலிலும் எல்லோர் பேச்சும் எனக்குத் தெளிவாகக் கேட்கும். அதனால் எனக்குப் பாம்புச் செவி என்று நினைத்திருந்தேன். மடச்சி. அங்கே எல்லோரும் கத்தித்தானே பேசுவார்கள்!

பயமா இருக்கு. சத்தம்தானே என் பொழப்பு? நாளைக்குச் சதுர அலையும் போயிட்டா?

பெப்ரவரி 25

ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் வயரைப் பார்க்கக் குனிந்தேன். தாடை பெட்டியில் பட்டது.

டும்.

தாடையை எடுத்தேன், இல்லை. வைத்தேன், இருக்கிறது! முக்கோண அலை, முழுசாக, எலும்பு வழியே மண்டைக்குள். அப்படியே பெட்டிமேல் தலையைச் சாய்த்து அழுதேன். நானா மெட்டைத் திரும்பப் போட்டார்.

மார்ச் 12

பதுளை ஆஸ்பத்திரி. டொக்டர் ஓர் இரும்புக் கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார், சரியாகக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், நன்றாகக் கேட்டது. "நரம்புக்கு ஒண்ணும் இல்ல. உள்ளுக்கு ஒரு குட்டி எலும்பு இறுகிப் போயிருக்கு." அரிசிமணியைவிடச் சின்னதாம். அது ஆடினால்தான் நமக்கு உலகம் கேட்குமாம். இறுகினால் முதலில் போவது அடிச்சத்தம்தானாம். சிப்பைப் பார்த்து வாயைப் பிளந்தவளுக்குத் தன் தலைக்குள் இருப்பது தெரியவில்லை.

ஆபரேஷன் செய்யலாம். சரிவராவிட்டால், இப்போது கேட்கிற கொஞ்சமும் போய்விடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். முதலில் வலது காது.

மார்ச் 13

நானா வீடியோவைத் தள்ளிப் போட்டுவிட்டார். "நீ கேட்டுட்டுச் சொல்லு. அதுக்குப் பொறகு போடுவோம்."

மே 20

கண்டியில் ஆபரேஷன் முடிந்தது. காதுக்குள் பஞ்சு. ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 11

கடைக்குப் போனேன். நானா ஃபேமிகாமைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டேன். சதுர அலை ஒன்று, இரண்டு. பிறகு அடியிலிருந்து, யாரையும் இடிக்காமல், மெத்தென்று வந்தது. என் மெட்டு தரையில் கால் வைத்துவிட்டது. நான் எழுதிய மெட்டை இன்றைக்குத்தான் நான் கேட்கிறேன்.

"மூணுலயும் எது தங்கச்சி நல்லம்?"

ஃபேமிகாமைத் தொட்டுக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சாப்பிடக் கூப்பிட்டார். தூக்கிவாரிப் போட்டது.

"அப்பா, ஏன் இப்படிக் கத்துறீங்க? கேக்குது."

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மெதுவாக, "வாம்மா" என்றார். அதுவும் கேட்டது.