போல்ட் என்னிடம் இருக்கிறது

அன்பு மகன் கர்டிஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை. நேற்றும் இன்றும் நாலு தடவை போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளைக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் நீ பேசியபோது, "ஒரு பெட்டி அனுப்ப ஏழு மாசமா? குதிரை வண்டில வருதா அது?" என்று கேட்டாயே, எனக்குச் சுரீரென்று இருந்தது. அப்பாவின் மான் வேட்டைத் துப்பாக்கி உனக்குத்தான் என்று அவர் சொன்னது எனக்கும் தெரியும். அதை அலமாரியிலிருந்து எடுக்கத்தான் எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. அந்த உறையில் இன்னும் அவர் போடும் எண்ணெய் வாசனை இருக்கிறது. மற்ற ஒரு மாதம் எப்படிப் போனது என்று கேட்டுக்கொள்.

முதலில் தபால் நிலையம். பழைய போர்வையில் சுற்றி, பெட்டியில் வைத்து, மேலே பெரிய எழுத்தில் "துப்பாக்கி, கவனம்" என்று எழுதிக் கொண்டுபோனேன். உடைந்துவிடக் கூடாதே என்றுதான். தபால் வாங்கும் பெவர்லி அதைப் பார்த்துவிட்டு, "அடியே லொரெய்ன், திருடனுக்குப் பத்திரிகை அடிச்சு வச்ச மாதிரி இருக்கே!" என்று சிரித்தாள். உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே தெரியவே கூடாதாம். கைத்துப்பாக்கி என்றால் என்னைப் போன்றவர்களிடம் வாங்கவே மாட்டார்களாம். வேட்டைத் துப்பாக்கி போகுமாம், ஆனால் வேறு மாநிலத்துக்கு என்றால் உன் வீட்டுக்குப் போகாதாம். அங்கே உரிமம் வைத்திருக்கும் கடைக்குத்தான் போகுமாம். செத்தவர் பொருள் பிள்ளைக்குப் போனால் விதி வேறு என்று வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார். அதெல்லாம் இல்லை என்று பின்னால் நின்றவர் சொன்னார். இரண்டு பேரும் சண்டை போட, நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு பார்சல் கம்பெனிக்குப் போனேன். அங்கே இருந்த ஆள் பெட்டியைத் தொடக்கூட இல்லை. "தனி ஆளுங்ககிட்ட இதை வாங்குறதில்ல மேடம். உரிமம் இருக்கிற கடைக்காரர் அனுப்பினா எடுப்போம்" என்றான். என் புருஷனுடையது என்றேன். "யாருதா இருந்தாலும்" என்றான். வண்டியில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அழவில்லை, எரிச்சலில்.

கடைசியில் ஹார்லன் கடைக்குப் போனேன். அப்பா எப்போதும் தோட்டா வாங்கும் இடம். "முதல்லயே இங்க வந்திருக்கக் கூடாதா, பிடிவாதக்காரி" என்று திட்டிவிட்டு, நானே அனுப்புகிறேன் என்றார். உறையின் பைகளைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் ஒரு தோட்டாவும் அப்பாவின் இருமல் மிட்டாய் ஒன்றும் இருந்தன. தோட்டா அதே பெட்டியில் போகக் கூடாதாம். மிட்டாய் போகலாமாம். இரண்டையும் நானே வைத்துக்கொண்டேன்.

உன் ஊர்க் கடையின் உரிம நகல் வேண்டும் என்றார். ஹார்லன் துப்பாக்கியைக் கழற்றிக்கொண்டிருக்க, நான் அங்கிருந்தே உன் ஊர்க் கடைக்காரருக்குப் போன் போட்டேன். கிளின்ட் என்று பெயர், நல்ல மனுஷன். நகல் அனுப்புகிறேன், கர்டிஸ் வந்து படிவம் நிரப்பி, அவனைப் பற்றிய பின்னணி விசாரணை முடிந்ததும் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். நான் போனை வைக்கப் போனேன். அப்போது அவர், "உங்க பையனா? அவன் நாய் இப்போ எங்க வீட்லதான் இருக்கு. இனிமே எனக்குத் தேவைப்படாதுன்னு என் மனைவிகிட்டக் குடுத்துட்டுப் போனான். வெளியூர் போறானா?" என்று கேட்டார்.

பெப்பரையா கொடுத்தாய், கர்டிஸ்? குட்டியாக இருந்தபோது உன் சட்டைக்குள் வைத்துத் தூங்க வைத்தாயே, அந்தப் பெப்பரையா? அப்பா சாவுக்கு வந்தபோதும் அதை விட்டுவர மனசில்லாமல் இரண்டு நாள் வண்டி ஓட்டிக் கூட்டி வந்தாயே?

நீ எங்கேயும் போவதாக என்னிடம் சொல்லவில்லை. மில் வேலைக்கும் மூன்று வாரமாக நீ போகவில்லை என்று அவரே சொன்னார். நான் என்ன நினைத்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். நீ படித்தவன்.

துப்பாக்கியின் பின்னால் இழுத்துத் தள்ளும் அந்த இரும்புத் தண்டு, போல்ட், தனியாக மேசையில் கிடந்தது. எடுத்துக் கோட்டுப் பையில் போட்டேன். ஹார்லன் என்னைப் பார்த்து, "லொரெய்ன், அது இல்லாம அது சுடாது" என்றார். தெரியும் என்றேன். அவர் பெட்டியை மூடி ஒட்டினார்.

வாசல் வரை வந்தபோது, பாவம், என்னைச் சோதித்துப் பார்க்கத்தானோ என்னவோ, போல்ட் மட்டும் துப்பாக்கி இல்லை, வெறும் இரும்பு, அதற்கு உரிமமும் வேண்டாம், படிவமும் வேண்டாம், எந்தத் தபாலிலும் போகும் என்றார். ஒரு மாதமாக ஒவ்வொருவரும் முடியாது முடியாது என்று என்னை விரட்டினார்கள். முடியும் என்று கேட்டது இது ஒன்றுதான். இதை நான் அனுப்ப மாட்டேன்.

அப்பா சொன்ன சொல்லை மீறவில்லை. துப்பாக்கி உன்னுடையது, கிளின்ட் கடையில் இருக்கும். போல்ட் நம் வீட்டு மாவு டப்பாவுக்குள் இருக்கிறது. நீ கோபப்படு. போனில் கத்து. கத்துவதற்காவது போனை எடு. இல்லையென்றால் நான் பஸ் ஏறிவிடுவேன், எனக்கு முழங்கால் சரியில்லை என்று உனக்குத் தெரியும்.

அப்பா போன துக்கம் எனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அங்கே தனியாக என்ன பட்டாய் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. அது என் தப்பு. இப்போது கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் கிளின்ட் பெயருக்கே போடுகிறேன். அவர் மனைவி ஐரீன் கையிலேயே கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பெப்பரும் கூட வரும். கதவைத் தட்டினால் திற, கண்ணா.

நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு நாய்க்கும் சேர்த்துச் சமைக்கிறேன். வந்து டப்பாவிலிருந்து நீயே எடுத்துக்கொள். அதுவரை கடவுள் உன்னைக் கை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும்.

கதவைத் திறப்பாய் என்று நம்பும்,
அம்மா