கியர் விழாத பத்து நாட்கள்

என் அன்பு வாலுக்கு,

இங்கே நான், உன் அப்பா, நீ விட்டுப்போன மோட்டார் சைக்கிள் மூவரும் நலம். வண்டி மட்டும் நேற்று மாலையிலிருந்துதான் நலம், அதற்கு முந்தைய பத்து நாட்கள் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே ஓடாமல் சுகமாக இருக்கிறாய் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு எழுத ஆரம்பிக்கிறேன். மேல்வீட்டு டீச்சர் உன்னை விசாரித்தார்கள். அவர்களுடைய பூனை மூன்று குட்டி போட்டு மூன்றையும் நம் ஷூ அலமாரியில் வைத்திருக்கிறது, உன் அப்பா செருப்போடுதான் அச்சகத்துக்குப் போய்வருகிறார், குட்டி கண் திறக்கும்வரை அலமாரியைத் தொடக்கூடாது என்று டீச்சர் கட்டளை.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். உன் வண்டியில்தான் நான் வீடுவீடாகப் போய்க் கட்டு மாற்றுகிறேன், ஊசி போடுகிறேன், ஒரு நாளைக்குப் பதினோரு வீடு என்பது உனக்குத் தெரியும். போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை காலை கிளம்பி முதல் கியரைப் போட்டேன், விழவில்லை. பாதத்தை வைத்து ஒரு மிதி மிதித்தேன், டணார் என்று இரும்புப் பெட்டியைப் போட்ட மாதிரி சத்தத்தோடு விழுந்தது. சரி, வயதான வண்டி, காலையில் எழுந்ததும் எனக்கும்தான் முட்டி இப்படிச் சத்தம் போடுகிறது என்று மன்னித்துவிட்டேன். ஆனால் நாலுமுனைச் சந்திப்பில் சிவப்பு விளக்கில் நின்றபோது நியூட்ரலுக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மேலே தள்ளினால் இரண்டு, கீழே தள்ளினால் ஒன்று, நடுவில் இருக்கவேண்டியதை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி. பச்சை வந்து, போய், மறுபடி வந்துவிட்டது, நான் லீவரை உதைத்துக்கொண்டே நிற்கிறேன். போக்குவரத்துக் காவலர் வந்து, "கோவம் வண்டிக்கா, உங்களுக்காம்மா?" என்று கேட்டுவிட்டு அவரே ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அன்றைக்கு இரண்டு வீட்டைத் தவறவிட்டேன். காலில் ஆறாத புண்ணோடு படுத்திருக்கிற அந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். கட்டு நனைந்து போயிருந்தது, மனுஷர் என்னைத் திட்டவில்லை, கடிகாரத்தை மட்டும் பார்த்தார், எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அப்பாவுக்கு வந்த அக்கறையை நீ பார்த்திருக்கவேண்டும். நாற்பது வருஷமாக ஒரு சைக்கிள் டயருக்குக் காற்றடித்தவர் இல்லை, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொள்வதோடு அவருக்கும் வண்டிக்கும் உள்ள உறவு முடிந்தது, அப்படிப்பட்டவர் உன் மேசையிலிருந்து வண்டிக் கையேட்டைத் தேடாமலே எடுத்து வந்து, "எண்ணெய்தான் கெட்டிருக்கும், சந்தேகமே இல்ல" என்றார். சரி மாற்றுங்கள் என்றால் உடனே மாற்றவில்லை. கையேட்டில் 'எண்ணை' என்று அச்சாகியிருந்ததாம், பிழை திருத்துகிறவர் கை சும்மா இருக்குமா, சிவப்புப் பேனாவை எடுத்து அறுபத்து நான்கு பக்கத்திலும் எண்ணெய் ஆக்கிவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட்டார். நீ குழந்தையாக இருக்கும்போது குளித்த நீலத் தொட்டியில் பழைய எண்ணெய் இறங்கியது, பாதி தொட்டியில், மீதி வாசலில். புது எண்ணெய் ஊற்றியும் கியர் அசையவில்லை. அப்புறம் கிளட்ச் ஒயரைப் பார்த்தோம், கைப்பிடி பாதிக்கு மேல் சும்மாவே ஆடியது, அதை நானே இழுத்துச் சரிசெய்தேன், கைக்குக் கொஞ்சம் சுகம், காலுக்கு அதே பாடு. செயின் தொங்கியது, அதையும் இறுக்கினேன். அப்பா ஒவ்வொன்றுக்கும் "இதுதான், இதேதான்" என்று தலையாட்டினார். மனுஷர் நான் சொல்வதற்கெல்லாம் இப்படித் தலையாட்டினால் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்கவேண்டும்.

கடைசியில் முனைக்கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், உனக்குத் தெரியுமே, எல்லாரிடமும் பொறுமை பொறுமை என்று சொல்லிக்கொண்டே பறப்பாரே, அவர்தான். வந்தார், சீட்டில் சரியாக உட்காராமலே ஒரு சுற்று ஓட்டினார், இறங்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அக்கா, கிளட்ச் பிளேட் போச்சு. என்ஜினைப் பிரிச்சுப் பாத்தாத்தான் உள்ள இன்னும் என்னென்ன போயிருக்குன்னு தெரியும். பழைய வண்டி, சாமான் கிடைக்கறதும் சந்தேகம். பேசாம குடுத்துடுங்களேன்" என்றார். குடுத்துவிடுவதாம். உன் முதல் சம்பளத்தில் நீ வாங்கிய வண்டி, அதில்தான் எனக்கு ஐம்பத்தோராம் வயதில் ஓட்டக் கற்றுக்கொடுத்தாய், அன்றைக்கு நான் போட்ட கூச்சலுக்குத் தெருவே கதவைத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பிரிக்கட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

நேற்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் வருமுன் டீயைக் குடித்துக்கொண்டே அப்பா திருத்திய கையேட்டைப் புரட்டினேன். அதில் ஒரு வரி, என்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தியபடி கியரை மாற்றிப் பாருங்கள், அப்போதும் கடினமாக இருந்தால் முதலில் வெளியே பாருங்கள் என்று. இவ்வளவு சின்ன விஷயத்தை ஒருவரும் செய்து பார்க்கவில்லையே என்று வாசலுக்கு ஓடினேன். என்ஜின் அணைந்திருக்கிறது, வண்டியை உருட்டுகிறேன், கியர் அப்போதும் கல் மாதிரி. அப்படியென்றால் கிளட்ச் பாவம், எண்ணெய் பாவம், அணைந்த என்ஜினில் அவற்றுக்கு என்ன வேலை. தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கியர் லீவர் உள்பக்கமாக வளைந்து என்ஜின் மூடியில் உரசிக்கொண்டிருந்தது. உரசின இடம் பளபளவென்று புதுக் கீறல். இடது கால்மிதியின் நுனியில் சிமெண்ட் தூள். வண்டி இடது பக்கமாக எங்கேயோ விழுந்திருக்கிறது, நான் விழவில்லை. அப்போதுதான் என் பையில் கட்டுத்துணி இரண்டு சுருள் கணக்கில் குறைந்தது ஞாபகம் வந்தது, சூடான நாளிலும் உன் அப்பா முழுக்கால் பேண்ட்டோடு வீட்டுக்குள் உலாவியது ஞாபகம் வந்தது. ஊருக்கெல்லாம் கட்டுப் போடுகிறவள் வீட்டுக்குள்ளே ஒரு முட்டியைக் கவனிக்கவில்லை பார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, தானாகச் சொல்கிறாரா என்று காத்திருந்தேன். மெக்கானிக் வந்தார், பெட்டியைத் திறந்தார், என்ஜின் மூடியின் முதல் ஆணியில் ஸ்பானரை வைத்தார். உன் அப்பா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஆணி ஒரு சுற்று சுற்றியதும் அவரால் தாங்கவில்லை. "தம்பி, நிறுத்துங்க! என்ஜின் மேல தப்பில்ல, நான்தான் வண்டியோட விழுந்தேன்!" என்று கத்தினார். மெக்கானிக் என்னைப் பார்த்தார், நான் "லீவரைப் பாருங்க தம்பி" என்றேன், அவர் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார் பார், அலமாரியிலிருந்து தாய்ப்பூனை எட்டிப் பார்த்தது.

ஒரு மாதமாக உன் அப்பா நடைப்பயிற்சி என்று காலையில் போனதெல்லாம் பழைய கிடங்குக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்துக்காம். வண்டியைச் சத்தமில்லாமல் தெருமுனைவரை உருட்டிக்கொண்டு போய்க் கையேட்டைப் படித்துப் படித்தே ஓட்டப் பழகினாராம், சட்டைப்பையிலிருந்து பழகுநர் லைசென்ஸைக்கூட எடுத்துக் காட்டினார், போட்டோவில் திருடனைப் போல முழிக்கிறார். அந்த வியாழக்கிழமை கிடங்குச் சுவரோரம் திரும்பும்போது சாய்ந்துவிட்டார். ஏன் இந்த வயதில் இந்த வேலை என்று நான் ஒரு பிடி பிடிக்க வாயைத் திறந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ இடதுகைப் பழக்கக்காரி, ரெண்டு மாசமா டம்ளரை வலது கைக்கு மாத்தித்தான் குடிக்கிற. கிளட்ச் பிடிக்கிற கை வலிக்குதுன்னு என்கிட்டயும் சொல்லல, பிள்ளைகிட்டயும் சொல்லல. நான் ஓட்டினா உனக்குப் பாதி வீட்டுக்காவது கை மிச்சமாகுமேன்னுதான்" என்றார். ஆமாம் வாலு, இடது மணிக்கட்டு வலிக்கிறது, உன்னிடம் மறைத்துவிட்டேன், டாக்டரிடம் காட்டியாயிற்று, பட்டை போட்டுக்கொண்டு ஆறு வாரம் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்றார், நீ உடனே டிக்கெட் பார்க்காதே. அப்பாவின் முட்டியைக் காட்டச் சொன்னேன். கட்டை என்ன அழகாகக் கோணலாகப் போட்டிருந்தார் தெரியுமா, அவிழ்த்துப் புதிதாகக் கட்டினேன், மெக்கானிக் எங்கேயோ பார்த்தபடி ஆணியைத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தார். லீவரைக் கழற்றிக்கொண்டு போய்ப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தி மாலையில் கொண்டுவந்து மாட்டினார். பெருவிரலால் தொட்டால் போதும், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கியர் விழுகிறது.

இன்றைக்குக் காலை அவர் ஓட்ட, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால். பதினோரு வீட்டில் ஆறு வீடு போனோம், ஆறுக்கும் ஒரே கியர்தான், இரண்டாவது. நடந்து போனவர்கள் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். பஸ் டிரைவர் வீட்டில் கட்டை அவிழ்க்கும்போது அவர் படுத்தபடியே கேட்டார், "சிஸ்டர், வாசல்ல வந்து நின்னது யாரு? தெருக்கோடியிலேருந்து ரெண்டாவதுலயே கதறவிட்டுக்கிட்டு வர்றாரே, மூணாவதைப் போடச் சொல்லுங்க." வாசலிலிருந்து உன் அப்பா, "போட்டா வேகமாப் போகுதுங்க" என்றார். நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர் புண்ணை மறந்து சிரித்ததை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன். புண்ணின் ஓரத்திலும் புதுத் தோல் வர ஆரம்பித்திருக்கிறது, ஆறிவிடும்.

நீ நன்றாக இரு, கண்ணு. வேலையில் நல்ல பெயர் எடு, உடம்பைப் பார்த்துக்கொள், நினைத்தது எல்லாம் கைகூடட்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். ஒரு விஷயம் மட்டும் மறக்காதே, இனிமேல் ஃபோனில் "என் வண்டி எப்படி இருக்கு" என்று கேட்காதே, "உங்க வண்டி" என்று கேள், இங்கே ஒருவர் அதைத் தினமும் இரண்டு தடவை துடைக்கிறார்.

இப்படிக்கு,
பின்சீட்டில் உட்கார இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கும்
உன் அம்மா