வியாழக்கிழமை லீவு

கொல்லம் 1106, ஐப்பசி 11, திங்கள்
காலையிலிருந்து மழை. குடைக்கம்பி ஒடிந்தது. தாலுகா கச்சேரிக்கு வேலைக்குப் போய்ச் சேருவதற்குள் முதுகெல்லாம் ஈரம்.
மச்சினன் சாமுவேல் நெய்யூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். எஸ்தருக்கு வியாழக்கிழமை ஆப்பரேஷன். வயிற்றுக் கட்டி. மயக்கம் கொடுக்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். அது ஒன்றுதான் கேட்டிருக்கிறாள்.
"அக்காவுக்குக் கத்தி பயமில்ல அத்தான். கண்ண மூடுததுதான் பயம்."
ஒரு நாள் லீவுக்கு மனு எழுதினேன். டாக்டர் கொடுத்த சான்றையும் சேர்த்துத் தைத்தேன்.

12, செவ்வாய்
லீவு மனுக்கள் என் மேஜைக்குத்தான் வரும். தன் மனுவைத் தானே பார்க்கக்கூடாது, அது முறை. அடுத்த மேஜை கோலப்ப பிள்ளைக்குப் போக வேண்டும். அவர் லீவில். அவர் மேஜைக்குப் பொறுப்பு நான். மத்தியானம் என் மனு என்னிடமே வந்தது. சிரிப்பு வரும் என்று பார்த்தேன், வரவில்லை.
சான்று இங்கிலீஷில். கச்சேரிக் காகிதமெல்லாம் மலையாளத்தில் வேண்டும்; மொழிபெயர்ப்பு இல்லை. யார் மனுவானாலும் திருப்புவேன். திருப்பினேன். 'மனுதாரர் மொழிபெயர்ப்புடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்.' எழுதியவன் நான், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டவனும் நான்.
ஹெட் கிளார்க் குட்டன் பிள்ளை எட்டிப் பார்த்தார். "சரியாத்தான் போட்டிருக்கீரு."

13, புதன்
மொழிபெயர்த்தேன். அதற்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட முடியாது. குட்டன் பிள்ளை போட்டார். தாசில்தார் பேச்சிப்பாறை முகாமில். மனு ஆள்மூலம் அங்கே போனது.
"உத்தரவு வராம போயிராதேயும் வே. மாசிலாமணிய நெனச்சுப் பாரும்," என்றார் குட்டன் பிள்ளை.
மாசிலாமணி எங்கள் பியூன். மகள் பிரசவத்துக்குச் சொல்லாமல் போனான், வேலை போயிற்று.
குட்டன் பிள்ளை நல்ல மனிதர். எஸ்தருக்கென்று ஒரு சீப்பு ஏத்தன் பழம் தந்தார்.
வாங்க வேண்டியது: சீயக்காய், மண்ணெண்ணெய். குடைக்கம்பி.

14, வியாழன்
மழை இல்லை. உத்தரவும் இல்லை. ஆஜர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நிறைய வேலை முடிந்தது. சாப்பிடவில்லை, பசியும் இல்லை. துக்கப்பட வேண்டும் என்று தெரிகிறது. மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

17, ஞாயிறு
ஆராதனைக்குப் போகாமல் நெய்யூர் பஸ் ஏறினேன். பழம் கறுத்துவிட்டது, எடுத்துப் போகவில்லை.
எஸ்தர் பிழைத்துக்கொண்டாள். முகம் வெளிறியிருக்கிறது, பேச்சு தெளிவு. என் கையைப் பிடித்தாள்.
"வருவியளோ மாட்டியளோன்னு கெடந்தேன். மூஞ்சில துணியப் போட்டாச்சு, ஒண்ணும் தெரியல்ல. நீங்க கையப் புடிச்ச பொறவுதான் பயம் போச்சு."
சாமுவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு வராந்தாவில் சொன்னான்: "என்ன செய்ய அத்தான்? கேட்டுட்டே கெடந்தா. அத்தான் வந்தாச்சுன்னு சொல்லி நாந்தான் புடிச்சேன்."
அவனைக் கும்பிடத் தோன்றியது. அடிக்கவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. எஸ்தரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

18, திங்கள்
மறுபடி மழை. கம்பி மாற்றவில்லை.
முகாமிலிருந்து மனு வந்தது. வியாழன் ஒரு நாள் லீவு அனுமதி. தாசில்தார் புதன்கிழமை தேதியிலேயே கையெழுத்திட்டிருக்கிறார். ஆஜர் புத்தகத்தில் அதே வியாழனில் என் கையெழுத்து. லீவில் இருந்தவன் ஆஜராக முடியாது. ஒன்றை அடிக்க வேண்டும்.
குட்டன் பிள்ளை பேனாவை எடுத்தார். வியாழன் முழுவதும் எனக்கு எதிரில் இருந்தவர்.
"வியாழக்கிழம நீரு எங்க வே இருந்தீரு?"
"நெய்யூர்ல."
சிவப்பு மையில் என் கையெழுத்தை அடித்தார்.