பாதிக் குதிரை

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
26 ஜூன் 2007

அன்புள்ள மயூரா,

நலம் விசாரிப்பதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வீட்டில் எல்லாம் வேலை செய்கிறது. குரோருட்டில் உம்முடைய அம்மாவும் சுகம். வடக்குக் கோடியில், ஹம்மர்பெஸ்டில் நீரும் சுகமாகத்தான் இருக்கிறீர் என்று சனிக்கிழமை மற்றவர்கள் எனக்குச் சொன்னார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஏன் கடிதம் என்று யோசிப்பீர். டெலிபோன் என்றால் நான் சத்தம் போடுவேன், நீர் "வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவீர். கடிதத்தை வைக்க முடியாது. முழுவதையும் வாசியும். பிறகு கோபப்படும்.

ஜனவரியில் போகும்போது நீர் என் தலையில் மூன்று வேலை கட்டிவிட்டுப் போனீர். பூச்சாடிக்குத் தண்ணீர், அம்மாவுக்கு வாரத்துக்கு ஒரு போன், லாயத்தில் உம்முடைய குதிரை பிராகே. பூச்சாடி செத்துவிட்டது. மற்ற இரண்டும் நடக்கிறது. உம்முடைய நாட்களில் நான் போய் பிராகேக்குப் புல் போடுகிறேன், தேய்க்கிறேன், லத்தி அள்ளுகிறேன். அம்மா கேள்விப்பட்டு, "குதிரைச் சாணி அள்ளவோ தம்பி உங்களை நோர்வேக்குக் கூப்பிட்டது?" என்று கேட்டா. "சாணி பாதிதான் மாமி, மற்றப் பாதியைக் குதிரைக்காரி சிசெல் அள்ளுறா" என்றேன். மாதம் மாதம் பங்குக் காசு கட்டிப் பாதிக் குதிரையை வைத்திருக்கிற மகளைப் பெற்ற மனுசிக்கு இது கூட விளங்கவில்லை.

நீர் கேட்டபடி சனிக்கிழமை சிசெலின் ஆட்களோடு காட்டுக்கும் போனேன். இரவு தங்கல், குதிரைகளோடு. எனக்குக் குதிரையேற்றம் தெரியாது என்று உமக்குத் தெரியும். பிராகேயில் சாமான்களை ஏற்றி, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று ஏற்பாடு. நான் ஏன் சம்மதித்தேன் என்று உமக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உம்முடைய லாயத்து ரகு என்பவரைப் பார்க்க வேண்டியிருந்தது.

நீர் போகும்வரை ஒரு வருடமாக இந்த வீட்டில் ரகு சொன்னவர், ரகு சிரிச்சவர், ரகு சேணம் வாங்கினவர் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி, கோயம்புத்தூர் ஆள் என்பது தெரியும். நான் லாயத்துக்குப் போகிற நாட்களில் அவர் வருவதில்லை, ஆள் எப்படி என்று தெரியாது. பார்த்தேன். உயரம். அதுவும் கறுப்புக் குதிரையின் மேல் இருந்தால் இன்னும் உயரம். வழி முழுக்க அவர் மேலே, நான் கீழே. "என்னங்க சார், நடந்தே வர்றீங்களா? முதுகு வலிக்காதுங்களா?" என்று மேலிருந்து கேட்டார். நடந்தால் முதுகு ஏன் வலிக்கிறது, மயூரா? பிறகு பாதையைப் பற்றிச் சொன்னார். இதிலே குதிரை போகலாம், அந்த ஒற்றையடிப் பாதையிலே போகக்கூடாது, சைக்கிள்காரர் வந்தால் குதிரையை எந்தப் பக்கம் நிறுத்த வேண்டும், எல்லாம். கேட்காமலே சொல்கிற மனுசர். நானும் அப்படித்தான் என்று நீர் சொல்வீர். நான் திருத்துகிற லிப்டைப் பற்றி மட்டும்தான் சொல்வேன்.

தங்கிய இடத்தை நீர் அறிவீர், ஏரிக்கு மேலே குதிரைக்காரருக்கென்று விட்டிருக்கிற புல்வெளி. வேலி போடுகிற பொறுப்பை என்னிடம் தந்தார்கள், மின்சாரம் தெரிந்தவன் என்று. பற்றரியில் வேலை செய்கிற மின்வேலி. நாடா கட்டுவது எவரும் செய்வார். நிலத்தொடுப்புக் கம்பி இறங்கவில்லை. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே முழுப் பாறை. கம்பி நிலத்துக்குள் போகாவிட்டால் வேலி வெறும் நாடா, குதிரை அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு போய்விடும். போன வருடம் அப்படித்தான் போனதாம். நான் நீளமாக வயர் இழுத்து, ஓடைச் சேற்றுக்குள் கம்பியை இறக்கினேன். வேலி டிக், டிக் என்று துடிக்கத் தொடங்கியது. சிசெல் கை தட்டினா. ரகு "சூப்பர் சார்" என்றார். அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு அந்த மனுசரைப் பிடித்திருந்தது. எழுதிவைக்கிறேன், பொய் சொல்லக் கூடாது.

சங்க்தான்ஸ் இரவு, இங்கே எல்லாரும் தீ வளர்க்கிற நடுக்கோடை நாள், ஆனால் காட்டில் கோடை முழுக்க நெருப்புத் தடை. காஸ் அடுப்பில் நூடுல்ஸ் வைத்துக்கொண்டு எல்லாரும் சுற்றி இருந்தோம், சூரியன் போவதாக இல்லை. கோப்பையை என் கையில் தந்துகொண்டு ரகு சொன்னார்: "மயூராவுக்கு அங்க வேலை பெர்மனென்ட் ஆனதுல எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷங்க. ஆனா பிராகேயை விடறதுதான் பாவம். ஜூலையோட பங்கை விடறாங்கன்னு சிசெல் சொன்னப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

எனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியாது. லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால், உள்ளே மாட்டிக்கொண்ட ஆட்களுக்குப் பயம் வராமல் நாங்கள் கதவிடுக்கால் ஒரு முகம் காட்டுவோம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு "ஓம், ஓம், பாவம்தான்" என்றேன். நூடுல்ஸைத் தின்றேன். வாய் வெந்தது கூடத் தெரியவில்லை.

ஆறு மாத வேலை, ஜூலை முடிய வந்திடுவன் என்றுதான் எனக்குச் சொன்னீர். சிசெலுக்குத் தெரியும். ரகுவுக்குத் தெரியும். பக்கத்துக் குதிரையை வைத்திருக்கிற குட்டைப் பெண்ணுக்கும் தெரியும், அவள் எனக்கு வாழ்த்துச் சொன்னாள். கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு, பிராகேக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். நீர் அதன் காதுக்குள் எல்லாம் கதைப்பீராமே. சேண அறைச் சுவரில் உம்முடைய படம் ஒன்று இருக்கிறது, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய் திறந்து சிரிக்கிறீர். வீட்டுக்கு வந்து அந்தச் சிரிப்பை எங்கள் கல்யாண அல்பத்தில் தேடினேன். அதில் நீர் பல் தெரியாமல் சிரிக்கிறீர்.

காலையில் பிராகேயைத் தண்ணீருக்குக் கொண்டுபோகும்போது என் புத்தி அங்கே இல்லை. கயிறு கையிலிருந்து போய்விட்டது. ஓடியிருந்தால் கூட எனக்கு வெட்கம் குறைவு. அது ஓடவில்லை. கொஞ்சத் தூரம் வீட்டுப் பக்கமாக நடந்து, நின்று, புல் கடித்தது. நான் கிட்டப் போக, திரும்பவும் கொஞ்சத் தூரம். "ஸ்தோப்" என்றேன். "நில்" என்றேன். "ஏய்" என்றேன். வாயில் வந்த வேறு சொல்லும் சொன்னேன். ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பிவிட்டு, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நடந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்போது எனக்குப் பின்னால், பல் விளக்குகிற பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு, ரகு கூப்பிட்டார்.

"இஞ்சை வாடா, என்ரை ராசா! இஞ்சை வா!"

கோயம்புத்தூர்த் தமிழ் இல்லை. "இங்க வாங்க" இல்லை. அச்சொட்டாக உம்முடைய தமிழ், உம்முடைய இழுவை. கடைசி "வா"வை நீர் நீட்டுகிற மாதிரியே நீட்டினார். குதிரை தலையைத் தூக்கியது. திரும்பியது. என்னைக் கடந்து அவரிடம் போய் அவர் தோளில் மூக்கை வைத்தது.

எனக்கு அந்த நேரம் என்ன வந்தது என்று நீர் ஊகிப்பீர். அந்த மனுசரை ஏரிக்குள் தள்ள வேண்டும் போல இருந்தது. என் மனைவியின் பேச்சு அவர் வாய்க்குள் எப்படிப் போனது? கேட்டே விட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வேற எப்படிக் கூப்பிட்டாலும் வர மாட்டேங்குதுங்க சார். லாயத்துல எல்லாரும் இப்படித்தான்" என்றார். நான் நம்பவில்லை. சிசெல் அங்கேயிருந்து, நோர்வேஜியப் பாட்டு மாதிரி, "இஞ்சே வா, ராசா" என்றா. குட்டைப் பெண்ணும் சொன்னாள். குதிரை ஒவ்வொருவர் பக்கமும் தலையைத் திருப்பியது. லாயத்தில் பொனிக் குதிரையில் ஏறி ஓடுகிற சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியுமாம்.

ஆக, அந்தக் குதிரையை ராசா என்று கூப்பிடத் தெரியாத ஒரே ஆள் நான்தான். ஐந்து மாதம் லத்தி அள்ளியிருக்கிறேன். ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, வீட்டில் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். வீட்டில் என்னை நீர் "இஞ்சேருங்கோ" என்பீர். கோபம் என்றால் "ரிஷிகேசன்" என்று முழுப் பெயர். நாலு வருடத்தில் ராசா என்று ஒரு நாளும் இல்லை. குதிரையோடு போட்டி போடுகிறேன் என்று சிரியும். போட்டிதான்.

வீடு திரும்பும் வழியில் ரகு, உம்முடைய பங்கைத் தான் எடுக்கலாம் என்று இருப்பதாகச் சொன்னார். செப்டம்பரில் அவருடைய மனைவி வர்ஷா வருகிறாவாம், அவவுக்கும் ஆசையாம். நியாயமான பேச்சு. லாயத்துக்கு வந்ததும் நான் நேரே சிசெலிடம் போய், மயூராவின் பங்கை நானே எடுக்கிறேன், வேறு ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம் என்றேன். சிசெல் என்னை மேலும் கீழும் பார்த்தா. பங்கு எடுக்கிறவர் குதிரையில் ஏறி ஓடவும் வேண்டும், குதிரை சும்மா நிற்கக் கூடாது என்றா. ஓடப் பழகுகிறேன் என்றேன். நேற்று முதல் பாடம். என் வகுப்பில் மற்ற எல்லாரும் ஒன்பது வயது. இப்போது நின்றுகொண்டு எழுதுகிறேன், இருக்க முடியவில்லை. ரகு கேட்ட முதுகுவலி என்ன என்று விளங்கிவிட்டது.

ஏன் எடுத்தேன்? குதிரைப் பாசத்தில் இல்லை. உம்முடைய பாதி ரகுவிடம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பங்கை விட இரண்டு மாத முன்னறிவித்தல் என்று ஒப்பந்தம், அதன்படி சிசெலுக்குச் சரியாகச் சொல்லியிருக்கிறீர். பிழை இல்லை. குதிரைக்கு இரண்டு மாதம் கொடுத்தீர், மயூரா. எனக்கு எத்தனை?

மே மாதம் ஒரு நாள் நீர் போன் எடுத்து "ஒண்டு கதைக்க வேணும்" என்றீர். ஐந்தாம் மாடியில் ஒரு கிழவி லிப்டுக்குள் அழுதுகொண்டிருந்தா. நான் "பிறகு, பிறகு" என்றேன். அந்தப் பிறகு வரவில்லை. அன்றைக்குச் சொல்ல வந்தது இதுதானா? அப்படியென்றால் பாதிப் பிழை என்னுடையது, எடுக்கிறேன். மற்றப் பாதி உம்முடையது. நீர் திரும்பவும் எடுத்திருக்கலாம். நான் கத்துவேன் என்று பயந்தீரா? கத்தியிருப்பேன். கத்தி முடித்துவிட்டு யோசித்திருப்பேன். என்னை இன்னும் தெரியாதா?

வேலையை எடுக்க வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அந்த எரிவாயு ஆலை ஆய்வுகூடத்தில் உம்மை நிரந்தரமாக வைக்கிறார்கள் என்றால் அவர்களுக்குப் புத்தி இருக்கிறது. ஆனால் இனி உம்முடைய செய்தி எனக்கு முதலில் வர வேண்டும். நல்லதோ கெட்டதோ. குதிரைக்குக் கூட எனக்குப் பிறகுதான்.

நேற்றுப் பாடம் முடிந்து சிசெலிடம் இன்னொன்றும் கேட்டேன். ஹம்மர்பெஸ்டுக்குக் குதிரையைக் கொண்டுபோக முடியுமா என்று. லொறியில் சுவீடன், பின்லாந்து வழியாகச் சுற்றி, இடையில் இறக்கி, இளைப்பாற விட்டு, தண்ணீர் காட்டி, கொண்டுபோகலாமாம். பனிக்காலத்துக்கு நல்ல லாயமும் வேண்டுமாம். கஷ்டம்தான், ஆனால் குதிரைகள் போயிருக்கின்றனவாம். ஆனால் தன்னுடைய பிராகேயை மட்டும் விடமாட்டேன் என்றா.

என்னைக் கொண்டுபோக ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. லொறியும் வேண்டாம். மாடிவீடு இருக்கிற ஊரில் லிப்டும் இருக்கும், லிப்ட் இருந்தால் பழுதாகும். நான் வந்தால் பாதிக் குதிரையை ரகுவும் வர்ஷாவும் எடுக்கட்டும், மனதாரச் சொல்கிறேன். நீர் வந்தால் அது உமக்கு இங்கே நிற்கிறது. இரண்டில் எது என்று எனக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது ஒன்று இருந்தால், அதையும் என் முகத்துக்கு நேரே சொல்லும்.

அம்மா பருத்தித்துறை வடை சுட்டுத் தந்தவா, பார்சலில் வருகிறது. அங்கே தெருவில் கலைமான் திரியும் என்றீர், வடையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போக வேண்டாம். குளிருக்கு உடம்பைக் கவனித்துக்கொள்ளும்.

நீண்ட பதில் எழுத வேண்டாம். நீர் குதிரைக்குச் சொல்வது இரண்டே சொல், அதற்கே அது காட்டுக்குள்ளும் திரும்பி வருகிறது. அதை ஒருதரம் எனக்கும் எழுதும், "இஞ்சை வாங்கோ" என்று. ராசா என்று போடாவிட்டாலும் பரவாயில்லை, நான் வந்துவிடுவேன்.

உம்முடைய
ரிஷிகேசன்