சின்ன மூச்சுகளின் எண்ணிக்கை

1972 நவம்பர் 21, செவ்வாய்

றீற்றாவுக்குச் சளி. இரண்டு வயதுதான், மூக்கைத் துடைக்கப் போனால் கையைக் கடிக்கிறாள். மனைவி ஞானமலர் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். நான் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு மகளின் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்தாறு. துறைமுகத்தில் கடல்மட்டம் குறிக்கிறவனுக்கு எதையும் எண்ணாமல் இருக்க ஏலாது.

நவம்பர் 22, புதன்

காய்ச்சல். மூச்சு இருபத்தெட்டு. பெரியவர்களைவிடப் பிள்ளைகள் ஏன் விரைவாக மூச்சு விடுகிறார்கள்? நெஞ்சு சின்னது என்பதாலா?

நவம்பர் 23, வியாழன்

மழை விடவில்லை. றீற்றா காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை. ஆசுபத்திரிக்குப் போவோம் என்றாள் ஞானமலர். அதே இருபத்தெட்டுத்தானே, மழைக்குள் எதற்கு என்று சத்தம் போட்டேன்.

நவம்பர் 24, வெள்ளி

ஆசுபத்திரி வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பக்கத்து வீட்டு றம்லா வந்து பிள்ளையின் சட்டையைத் தூக்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழே குழி விழுந்தது. இருபத்தெட்டு என்றேன். அவள் நம்பவில்லை. போய், தொழுகைக்குப் பிறகு உருட்டும் தன் தஸ்பீஹ் மணிமாலையை எடுத்து வந்தாள்.

"நீங்க மணிக்கூட்டைப் பாருங்க அண்ணன், நான் உருட்டுறன்."

முப்பத்து மூன்று மணி ஒரு சுற்று முடிந்து, அடுத்த சுற்றில் இருபத்தைந்து. ஐம்பத்தெட்டு!

எங்கே பிழை விட்டேன்? துறைமுக ஜெட்டியில் கடல்மட்ட அளவுகோலைப் பார்க்கும்போது சிற்றலைகளைக் கணக்கில் எடுக்க மாட்டோம். பத்து வருசப் பழக்கம். மகளின் நெஞ்சிலும் பெரிய எழுச்சிகளை மட்டும் எண்ணிவிட்டு, இடையில் துடித்ததுகளை விட்டிருக்கிறேன். இதைச் சொன்னபோது றம்லா சிரிக்கவில்லை.

"சின்ன மூச்சும் மூச்சுத்தானே, அண்ணன்."

ஒரு நாள் முழுக்கப் பிந்திப்போச்சே. தாய் கேட்டவள், நான்தான் விடேல்லை. மடையன்.

நிமோனியாவாம். ஊசி போட்டாயிற்று.

நவம்பர் 25, சனி

ஐம்பத்திரண்டு. ஞானமலர் என்னோடு கதைக்கவில்லை.

நவம்பர் 27, திங்கள்

நாற்பது. பால் கேட்டாள்! தொடையில் போட்ட மருந்து நெஞ்சுக்கு எப்படி வழி கண்டுபிடிக்கிறது? டொக்டரிடம் கேட்டேன். முதலில் பிள்ளையைப் பாரும் என்றார்.

டிசம்பர் 3, ஞாயிறு

வீடு. றீற்றா மத்தியான நித்திரை. மணிக்கூட்டை எடுத்தேன். ஞானமலர் அதை என் கையிலிருந்து வாங்கி, பக்கத்தில் இருந்து தானே நிமிடத்தைப் பார்த்தாள். நான் எண்ணினேன். இருபத்துநாலு.

"சின்னதுகளையும் சேர்த்தோ?" என்று கேட்டாள். பத்து நாளைக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை.

ஓம் என்றேன். இன்னொரு தரம் எண்ணச் சொன்னாள்.