பலகையின் கீழ்ப்பாதி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே வெயில். வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு ஒன்று எடுக்கப்பட்டது: இனி கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டுமே எழுதுவது. கை தோளுக்கு மேல் போக மறுக்கிறது. 8-பி பின்வரிசைக்குப் பல்லவர்கள் தெரியவில்லை. ஒருவரும் வருந்தவில்லை.

இமைகளில் ஊதாச் சிவப்பு. பள்ளி ஆயா ராணியக்கா: "இன்னா டீச்சர், கண்ணுக்கு ரோஸ் பூசிகினு வந்துகீறீங்க? கரஸ்பாண்டென்ட் பாத்தா பேஜாரு." பூசவில்லை என்றேன். நம்பவில்லை.

ஜூலை 10, வியாழன்

லீவு. செங்கல்பட்டு. டாக்டர் பெயர் சொன்னார்: டெர்மட்டோமயோசைடிஸ். அபூர்வமாம். தொற்றாது. உடம்பின் காவல்படை எதிரியை விட்டுவிட்டுச் சொந்தத் தசையையும் தோலையும் அடிக்கிறதாம். வரலாற்று டீச்சருக்கு இதை விளக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஸ்டீராய்டு, காலை, சாப்பிட்டபின். நாமாக நிறுத்தக் கூடாது. வெயில் ஆகாது. நாளெல்லாம் நிற்கக் கூடாது.

பள்ளியில்: காலைக் கூட்டம் வெயிலில். வகுப்பில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது, உட்கார்ந்தால் தூங்கிவிடுவோமாம். கேமரா உண்டு.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் கை போகும். கணவர்: "கரஸ்பாண்டென்ட்கிட்ட டாக்டர் லெட்டரைக் குடுத்துடு. அவரும் மனுசன்தானே." இவர் தனியார் பள்ளியில் வேலை பார்த்ததில்லை.

ஜூலை 14, திங்கள்

கொடுத்தேன். 'தொற்றாது' என்பதன் அடியில் நானே கோடு போட்டிருந்தேன். தாளாளர் இரண்டு முறை படித்தார். தன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்தினார். "ஒரு மாசம் பார்ப்போம் மேடம். கிளாஸ் எடுக்க முடியும்தானே?"

முடியும் என்றேன்.

எனக்கும் நாற்காலி அனுமதி. எல்.கே.ஜி.யிலிருந்து வந்தது. சிவப்பு. முதுகில் கரடி.

ஜூலை 15, செவ்வாய்

கடைசிப் பாடவேளை வரை நின்றேன். பிறகு கரடிமேல். சுகம். 3.50 மணி அடித்தது, பிள்ளைகள் ஓடினார்கள். எழ முடியவில்லை. தொடை இருக்கிறது, கேட்க மாட்டேன் என்கிறது. ஊன்றிக்கொள்ள ஒன்றுமில்லை. போன் எட்டாத ஜன்னல் திட்டில். குரல் கொடுத்துக் கூப்பிடலாம்; கூப்பிட்டால் தாளாளர் வரை போகும். மடியில் நோட்டு வைத்துத் திருத்துவதுபோல் இருந்தேன், கேமராவுக்காக. ஒரே நோட்டு.

4.40. துடைப்பத்துடன் ராணியக்கா.

"இன்னா டீச்சர், வூட்டுக்குப் போலியா?"

சொன்னேன். துடைப்பத்தைப் போட்டுவிட்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, அக்குளில் கைகொடுத்தாள்.

"சிரிச்சிகினே ஏந்திரு."

சிரித்தேன்.

ஜூலை 16, புதன்

மேகம். கால அட்டவணையில் 8-பி வரலாறு: என் பெயர்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, வேறு பெயர்.